கொக்கியின் வலது கை

வேலை தெரியாதவர்களை எங்கே உட்காரவைப்பது என்று யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்ததன் விளைவாகத்தான் சம்மேளனங்கள் உண்டாகியிருக்க வேண்டும். பாத்திர விளையாட்டுச் சம்மேளனத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே இருக்காது. நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷத்தை மனசுக்குள் கட்டிக்கொண்டு, பகடையை உருட்டி, 'நான் இப்போ கதவைத் திறக்கறேன்', 'நான் இப்போ சுடறேன்' என்று கதை சொல்லி ஆடுவதுதான் பாத்திர விளையாட்டு. அதற்கு ஒரு மேசை வேண்டும், சில பகடைகள் வேண்டும், கொஞ்சம் மூளை வேண்டும். சம்மேளனத்திடம் மேசைகள் நிறைய இருந்தன.

தலைவர், மின்சார மீட்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவிக்கு வந்த பதினாறு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆடினால் பாரபட்சம் வந்துவிடுமாம். அவர் பகடையைத் தொட்டதே ஒரே ஒரு தடவைதான். அதுவும் புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதற்காக, உருட்டாமல்.

சம்மேளனத்தில் நாற்பது மேசைகளின் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே விண்வெளிக் கதையை ஆடிவந்தார்கள். விண்வெளிக் கதை என்றால் பாதிப் பேருக்கு உடம்பில் ஏதாவது ஒரு இயந்திரம் பொருத்தியிருக்கும். ஒருவருக்கு மின்கை, ஒருவருக்கு இருட்டில் தெரிகிற கண், ஒருவருக்கு இரும்பு முழங்கால். இதற்கெல்லாம் 'உடற்பொறி' என்று பெயர். இரண்டு வருடம் முன்னால் ஒரு மாநாட்டில் யாரோ வாய் சும்மா இருக்காமல், "இதுக்கெல்லாம் கரண்ட் எங்கேருந்து வருது?" என்று வேடிக்கையாகக் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் உடற்பொறி மின்னூட்டப் பராமரிப்பு விதித்தொகுப்பு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பொறிக்கு எப்படி சார்ஜ் ஏற்றுவது, ஒயரை எந்தக் கையால் பிடிப்பது, எண்ணெய் போட்ட துணியை எத்தனை மடிப்பு மடிப்பது என்று எல்லாம் இருந்தது. அந்தப் பொறியை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்யலாம் என்கிற அத்தியாயம் மட்டும் அரைப் பக்கம். அதிலும் 'பின்னர் சேர்க்கப்படும்' என்று போட்டிருந்தது. விதிகளை நடைமுறைப்படுத்த ஒரு குழு, குழுவுக்கு ஒரு அமைப்பாளர். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்க மேசை மேசையாக அலைகிற அந்த மனிதருக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'பிளக் பாயிண்ட்'.

இந்தப் பொறியில் வசமாக மாட்டிக்கொண்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்டின் கம்பிக்கயிறு அவருடைய வலது கையை மணிக்கட்டுக்கு மேலே வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பேட்டரியில் ஓடுகிற கை ஒன்று பொருத்தினார்கள். அவர் அதை எட்டு மாதம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். யாராவது அதைப் பற்றிப் பேசினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். சாப்பாட்டைக்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டார். வீட்டில் அந்த எட்டு மாதம் எப்படிப் போனது என்று அவருடைய மனைவியைக் கேட்டால் இப்போதும் பதில் சொல்ல மாட்டாள்.

அவரை மேசைக்கு இழுத்து வந்தவன் மனைவியின் தம்பி. அவன்தான் அந்த மேசையில் கதை நடத்துகிறவன்.

"மாமா, உங்க ஆளு விண்கப்பல் ஓட்டறவன். பேரு கொக்கி. வலது கை மின்கை. நீங்க உங்க கையில என்ன செய்றீங்களோ அதுதான் அவனும் செய்வான். பகடையை மட்டும் அந்தக் கையாலதான் உருட்டணும்."

"உருட்ட வராது மச்சான்."

"வரலைன்னா கப்பல் முட்டிக்கும். எனக்கென்ன."

முதலில் வீட்டிலேயே ஆடினார்கள். ஐந்து வாரம் பகடை கீழே விழுந்தது. ஆறாவது வாரம் விழவில்லை. இரண்டு மின்விரல்களுக்கு நடுவே அந்தச் சின்னக் கட்டை நின்றதைப் பார்த்ததும் அவருடைய மனைவி, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதமே மெக்கானிக் வேலைக்குத் திரும்பினார். கொக்கி அவருக்கு வெறும் விளையாட்டுப் பாத்திரம் இல்லை. போன கையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவன்.

புது விதி வந்து ஒரு வருடத்தில் பதிவுப் படிவமும் வந்தது. 'உடற்பொறி எங்கே உள்ளது?' என்று ஒரு கேள்வி. வலது கை என்று எழுதினார். 'யாருக்கு உள்ளது?' என்று அடுத்த கேள்வி. மெக்கானிக் பொய் எழுதிப் பழக்கமில்லாத ஆள். 'எனக்கும், கொக்கிக்கும்' என்று எழுதினார். வேறு எந்த ஆபீசாக இருந்தாலும் சிரித்துவிட்டு அடித்துத் திருத்தியிருப்பார்கள். சம்மேளனத்தின் செயலாளர் அம்மாள் அதைப் படித்துவிட்டு, பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்: 'கை ஒன்று. உபயோகிப்பாளர் இருவர். கூட்டு உபயோகம்.'

அன்றிலிருந்து கதையில் வருகிற கொக்கியின் கையும், மெக்கானிக் பல் தேய்க்கிற கையும் சம்மேளனத்தின் கணக்கில் ஒரே கை.

பிளக் பாயிண்ட் சனிக்கிழமை இரண்டு மணிக்கு அவர்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். விதிப்படி கொக்கியின் கை எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டும். கதைக்குள் எட்டு மணி நேரத்தை 'எட்டு மணி நேரம் ஆச்சு' என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம் அல்லவா? கூடாது. தத்ரூபம் கெட்டுவிடுமாம். நிஜமாகவே எட்டு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்டம் இரண்டிலிருந்து ஆறு வரை, நாலு மணி நேரம். மீதி நாலு மணியை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் கூடாது.

"நடுவுல விட்ட மின்னூட்டம் மின்னூட்டமே இல்லை. அடுத்த வாரம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார் பிளக் பாயிண்ட்.

"அப்போ எப்பத்தாங்க முடியும்?" என்றார் மெக்கானிக்.

"அதை விதியில சொல்லலை. முடியணும்னும் சொல்லலை."

இப்படி மூன்று மாதம். கதைப்படி ஒரு பனி நிலாவில் நூற்றுப்பத்து பேர் சிக்கியிருந்தார்கள். காற்று தீர்ந்துகொண்டிருந்தது. அந்த நூற்றுப்பத்து பேரும் மற்ற மேசைக்காரர்களின் பாத்திரங்கள். நிலாவில் இருக்கிற நிலையத்தின் வெளிக்கதவைத் திறக்கிற நெம்புகோலை இழுக்கிற பலம் கொக்கியின் மின்கைக்கு மட்டும்தான் உண்டு. கொக்கியின் கப்பலோ பக்கத்திலேயே, கூப்பிடு தூரத்தில், ஒயர் சொருகியபடி நின்றுகொண்டிருந்தது.

சலிப்புத் தாங்காமல் மைத்துனன் ஒருநாள் கொள்ளைக்காரர்களை ஏவிவிட்டான். அவனே அவர்களின் தலைவனாகவும் பேசினான். "சரணடை, இல்லைன்னா சுட்டுடுவேன்" என்று அவன் ஆரம்பிப்பதற்குள் பிளக் பாயிண்ட் குறுக்கே வந்தார்.

"உங்களுக்கு வலது கண்ணு உடற்பொறிதானே? பராமரிப்புப் புத்தகம் எங்க?"

"கொள்ளைக்காரன்கிட்ட புத்தகம் கேக்கறீங்களே?"

"புத்தகம் இல்லாத கண்ணைத் திறக்கக் கூடாது. மூடிக்கோங்க."

கொள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். கொக்கி கையைத் தொங்கப்போட்டிருந்தான். இரண்டு கப்பலும் எதிரெதிரே இரண்டு சனிக்கிழமை நின்றன. பிளக் பாயிண்ட் தன் நோட்டில் 'மிகச் சிறப்பான ஆட்டம்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. கொக்கியின் கை தொடர்ந்து மின்னூட்டம் முடிக்காததால் காலாவதி. ஆண்டு இறுதி மாநாட்டன்று மாலை ஐந்து மணிக்குப் பதிவேடு மூடப்படும். அதற்குள் தலைவர் நீக்க உத்தரவில் கையெழுத்திடுவார். கொக்கியின் கதை 'பராமரிப்பின்மையால் செயலிழந்தார்' என்கிற வாக்கியத்தோடு முடிக்கப்படும். அவனை இனி எந்த மேசையிலும் யாரும் ஆடக் கூடாது. ஐந்து மணிக்குள் உத்தரவு கையெழுத்தாகாவிட்டால் பாத்திரம் மூன்று வருடத்துக்குத் தானாகவே புதுப்பிக்கப்படும் என்று பொடி எழுத்தில் கீழே இருந்தது. அப்படி எந்த வருடமும் நடந்ததில்லை. தலைவர் கையெழுத்துப் போடுவதில் சூரர்.

"விட்டுத் தொலைங்க. வீட்டுலயே நம்ம மேசைக்காரங்க மட்டும் ஆடிக்கலாம்" என்றாள் மனைவி.

"அந்த நிலாவுல நூத்திப்பத்து பேர் இருக்காங்க."

"காகிதத்துலங்க."

"கொக்கியும் காகிதத்துலதான் இருந்தான்" என்றார் மெக்கானிக்.

மேல்முறையீட்டோடு அவர் சம்மேளன அலுவலகத்துக்குப் போனார். ஐந்தாவது மாடி. லிஃப்ட் மேலே ஏறும்போதே அவர் காதைத் தீட்டிக்கொண்டார். மூன்றாவது மாடி தாண்டியதும் ஒரு உதறல், பின்னால் ஒரு சின்ன 'கிளிக்'. உள்ளே சான்றிதழ் மாட்டுகிற சட்டத்தில் தலைவரின் புகைப்படம் இருந்தது. அதை நகர்த்திப் பார்த்தார். பின்னால் லிஃப்ட் பராமரிப்புச் சான்றிதழ், காலாவதியாகி நாலு வருடம்.

"மேடம், உங்க லிஃப்ட்டைப் பாக்கணும். ஒருநாள் நடுவுல நின்னுடும்" என்றார் செயலாளர் அம்மாளிடம்.

"அது உடம்புல இருக்கற பொறியா?"

"இல்லைங்க."

"அப்போ எங்க பராமரிப்புல வராது. விண்ணப்பத்தைக் குடுங்க."

அந்த அம்மாள் காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் கையால போட்ட கையெழுத்து?"

"இடது கைங்க. வலது கையிலதான்..."

"விதி நாற்பத்தொண்ணு. வலது கையால போட்டாத்தான் அது கையெழுத்து."

"சரிங்க, வலது கையாலயே கிறுக்கித் தரேன்."

"வலது கை காலாவதி. காலாவதியான கையால போட்டா செல்லாது."

மெக்கானிக்குக்குக் கோபம் வரவில்லை, தலை சுற்றியது. "அப்போ கையைச் சரிபார்த்து நல்லா இருக்குன்னு யாராவது எழுதிக் குடுக்கலாமில்லைங்களா? நானே மெக்கானிக்தான்" என்றார்.

"விதி பதினேழு. உபயோகிப்பாளர் தன்னோட பொறியைத் தானே திறக்கறது, திருகறது, விடுவிக்கறது, எதுவும் கூடாது. அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பர்தான் செய்யணும்."

"அவரை எங்க பாக்கலாம்?"

"இன்னும் யாரையும் அங்கீகரிக்கலை. அங்கீகரிக்கற குழுவுல ஒரு அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பர் இருக்கணும். அவர் கிடைச்சதும் குழு கூடும்." அதைச் சொன்னபோது அந்த அம்மாளின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "மின்னூட்டத் தகராறுன்னா மின்னூட்டியை இணைப்பா வைக்கணும். அசல். வெச்சீங்கன்னா மாநாட்டு அன்னைக்குத் தலைவர் பார்வைக்குப் போகும்."

மெக்கானிக் தன் கையின் சார்ஜரைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்த அம்மாள் அதை உறையில் போட்டு, எண் எழுதி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாநாட்டுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டா குடுத்துடுவீங்களா? நாளைக்கு கழுத்தைக் கேப்பாங்க."

"தலைவர் பாத்தா புரிஞ்சுக்குவார்."

"ஆமா, கிழிச்சார்."

கையில் நாலு பச்சை விளக்கு உண்டு. மூன்று நாளில் மூன்று அணைந்துவிட்டன. சார்ஜ் முழுக்கப் போய்விட்டால் விரல்கள் எதைப் பிடித்திருக்கின்றனவோ அதைப் பிடித்தபடியே நின்றுவிடும். ஆரம்பத்தில் ஒருமுறை பஸ் கம்பியைப் பிடித்தபடி அப்படி ஆகி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று ஸ்டாப் போனார். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன நெம்பு இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அதைத் தள்ளினால் விட்டுவிடும்.

மாநாட்டு மண்டபமும் அதே ஐந்தாவது மாடிதான். நாற்பது மேசையும் போட்டிருந்தார்கள். ஒன்றில் மெக்கானிக்கும் மனைவியும் மைத்துனனும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இருந்த பிளக் எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டி முத்திரை குத்தியிருந்தது. பதிவு பெறாத சாதனங்கள் திருட்டுத்தனமாக மின்சாரம் குடித்துவிடக் கூடாதாம். நிலாவில் சிக்கிய நூற்றுப்பத்து பேரின் ஆட்டக்காரர்களும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் மெக்கானிக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். வாயைத் திறந்து கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அவரவர் கண்ணோ முழங்காலோ குழுவின் பரிசீலனையில் இருந்தது.

தலைவர் காலையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நண்பர்களே, விளையாட்டு என்பது விளையாட்டல்ல. விதித்தொகுப்புக்கு முந்தைய ஆண்டில் நமது ஆட்டங்களில் நானூற்றுப் பன்னிரண்டு பாத்திரங்கள் இறந்துபோயின. இந்த ஆண்டு ஒருவர்கூட இறக்கவில்லை. காரணம், யாரும் எதுவும் செய்யவில்லை. எனது தலைமையில் சார்ஜ் இல்லாத ஒரு கைகூட நீட்டப்பட்டதில்லை. சார்ஜ் உள்ள கைகளும் நீட்டப்படவில்லை. இந்த அமைதியைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன். ஆட்டம் ஒன்றுதான் நமக்குத் தொந்தரவாக இருந்தது. அதையும் பெருமளவு குறைத்துவிட்டோம்."

கைதட்டல் எழுந்தது. தட்டாதவர்களைப் பிளக் பாயிண்ட் குறித்துக்கொண்டார். மெக்கானிக்கின் பெயரும் அதில் ஏறியது. கடைசிப் பச்சை விளக்கைக் கைதட்டி வீணாக்க அவருக்கு மனமில்லை.

மூன்றரைக்குத் தலைவரும் பிளக் பாயிண்டும் கீழே தேநீருக்குப் போனார்கள். நாலரைக்கு உத்தரவில் கையெழுத்து என்று செயலாளர் அம்மாள் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு மேடையில் காத்திருந்தார். மேல்முறையீட்டைப் பற்றி மெக்கானிக் கேட்டதற்கு, கையெழுத்து இல்லாததால் அது தலைவர் பார்வைக்குப் போகவில்லை என்றார். சார்ஜரைத் திருப்பிக் கேட்டார். அதற்குத் தனிப் படிவம், உபயோகிப்பாளர் வலது கையால் ஒப்பமிட வேண்டும் என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் உதறல், அப்புறம் 'கிளிக்'. அப்புறம் ஒன்றுமே இல்லை. மெக்கானிக் மேசையை விட்டு எழுந்துவிட்டார்.

"நின்னுடுச்சு" என்றார்.

லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கு ஆளுயரம் கீழே நின்றிருந்தது. உள்ளே, தேநீர் முடித்துத் திரும்பிய தலைவரும் பிளக் பாயிண்டும். மேலே மெஷின் ரூமுக்குப் போய்க் கையால் சுற்றி ஏற்றிவிடலாம் என்று ஓடினார். மெஷின் ரூம் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. உள்ளே கூரை வரைக்கும் பராமரிப்புப் படிவங்கள். வேறு வழியில்லாமல், லிஃப்ட் திடீரென்று நகராதபடி மெயின் சுவிட்சை மட்டும் எட்டி அணைத்துவிட்டு இறங்கி வந்தார். தன் சாவியால் வெளிக்கதவைத் திறந்தார். லிஃப்டின் உள்கதவைத் தள்ளினார். லிஃப்ட் வாசலின் மேல்பக்கம் மட்டும் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி இருந்தது. அவர் தரையில் குப்புறப் படுத்து, இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையை உள்ளே நீட்டினார்.

"ஐயா, கையைக் குடுங்க. இழுத்துடறேன்."

தலைவர் கையைத் தூக்கினார். பிளக் பாயிண்ட் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்தக் கை காலாவதி. காலாவதியான பொறியை நம்பி உடம்பைக் குடுக்கக் கூடாதுன்னு நாமதான் எழுதியிருக்கோம்."

"இன்னொரு கையை நீட்டச் சொல்லு."

"அதாலதாங்க என்னைப் புடிச்சிருக்கேன். விட்டா மூணு பேரும் ஒண்ணாத்தான் கிடப்போம்" என்றார் மெக்கானிக். கடைசி விளக்கு மினுக்க ஆரம்பித்திருந்தது. "சீக்கிரம் வாங்க. சார்ஜ் இல்லை."

தலைவர் சற்று யோசித்தார். "அப்படியானால் அவசரக் கூட்டத்தைத் தொடங்கலாம்" என்றார்.

மெக்கானிக் தன் காதால் கேட்டதையே நம்பவில்லை. இரண்டு பேரும் லிஃப்டுக்குள் எதிரெதிரே நின்றுகொண்டார்கள். பிளக் பாயிண்ட் நோட்டை எடுத்தார். அந்தக் கைக்குத் தற்காலிகச் சான்று கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. கொடுத்தால் நீக்க உத்தரவு தப்பாகிவிடும் என்று கைவிடப்பட்டது. உட்குழுவுக்கு அனுப்பலாமா என்று பார்த்தார்கள். உட்குழு மாடியில் இருந்தது. மேலே ஒருவர் வயிறு நசுங்கப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருப்பது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

"ஐயா, கையைக் கைன்னு சொன்னாத்தானே சிக்கல்?" என்றார் பிளக் பாயிண்ட். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "மேலேருந்து தொங்குது, முனை வளைஞ்சிருக்கு. அதைப் புடிச்சு ஏறப்போறோம். இதுக்கு என்ன பேரு?"

"கொக்கி" என்றார் தலைவர்.

"கொக்கியைப் புடிச்சு ஏறக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லைங்க."

தலைவர் முன்மொழிந்தார், பிளக் பாயிண்ட் வழிமொழிந்தார். 'கொக்கி நல்ல நிலையில் உறுதியாக உள்ளது. அதைப் பிடித்து மேலேறலாம் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' இருவரும் வலது கையால் கையெழுத்திட்டார்கள். முதலில் தீர்மானம் மேலே வந்தது. செயலாளர் அம்மாள் அதை வாங்கிக்கொண்டு பதிவேட்டில் ஏற்றப் போனார். அடுத்து, தலைவரை வரவேற்க ஆள் வேண்டும் என்பதால் பிளக் பாயிண்ட் வந்தார். கடைசியில் தலைவர். கனத்த சரீரம். மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. தலைவர் தவழ்ந்து மேலே வந்து தரையில் உட்கார்ந்ததும் பச்சை விளக்கு அணைந்தது.

"கையை விடுப்பா" என்றார் தலைவர். ஐந்து மின்விரல்களும் அவருடைய வலது மணிக்கட்டை வளைத்துப் பிடித்திருந்தன.

"சார்ஜ் போயிடுச்சுங்க. இருங்க, அடியில ஒரு நெம்பு இருக்கு" என்று மெக்கானிக் இடது கட்டைவிரலை அதன்மேல் வைத்தார்.

"தொடாதீங்க" என்று கத்தினார் பிளக் பாயிண்ட். "விதி பதினேழு. உபயோகிப்பாளர் தானே விடுவிக்கறதா? அதுவும் தலைவர் முன்னாடியா?"

மெக்கானிக் கட்டைவிரலை எடுத்துவிட்டார். சொன்னவருக்குப் பெருமை, தலைவருக்கும் பெருமைதான். தங்கள் விதி இவ்வளவு இக்கட்டிலும் மீறப்படவில்லை என்று அரை நிமிஷம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

செயலாளர் அம்மாள் நீக்க உத்தரவையும் பேனாவையும் கொண்டுவந்து நீட்டினார். மணி நாலரை. தலைவர் இடது கையால் பேனாவை வாங்கினார்.

"விதி நாற்பத்தொண்ணுங்க" என்றார் அந்த அம்மாள்.

"நான் தலைவர்."

"தலைவருக்குத்தான் முதல்ல பொருந்தும்னு முன்னுரையில நீங்களே எழுதியிருக்கீங்க."

"சரி, அந்த சார்ஜரை எடுத்துட்டு வா."

"உபயோகிப்பாளர் ஒப்பம் வேணும். கை யார் உடம்புல மாட்டியிருக்கோ அவங்கதான் உபயோகிப்பாளர். இப்போ ரெண்டு பேர் உடம்புலயும் இருக்கு." அவர் சற்று யோசித்து, "கூட்டு உபயோகம்" என்றார்.

அதைக் கேட்டதும்தான் மெக்கானிக்குக்கு மூன்று மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்த தலை நின்றது. ஒரு பைத்தியத்தின் வீட்டில் வழி கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. அவர் பிளக் பாயிண்டைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்.

"கையைத் தோளோட சேத்துக் கட்டியிருக்கற பட்டையை அவுக்கக் கூடாதுன்னு விதி ஏதாவது இருக்குங்களா?"

பிளக் பாயிண்ட் பரபரவென்று புரட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அது மட்டும் இல்லை. மெக்கானிக் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பட்டையை அவிழ்த்து, முழங்கையிலிருந்து கையை உருவினார். கை தலைவரின் மணிக்கட்டில் தொங்கியது. அவர் எழுந்து தன் மேசைக்குப் போனார்.

"கை எங்கங்க?" என்றாள் மனைவி.

"பராமரிப்புல இருக்கு." அவர் உட்கார்ந்தார். "மச்சான், பதிவேட்டைப் போய்ப் பாரு. கொக்கி நல்ல நிலையில உறுதியா இருக்கான்னு தலைவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கார். ஆட்டத்தை ஆரம்பி."

மைத்துனன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அந்த அம்மாளுக்கு வேறு ஏதாவது தெரியுமோ தெரியாதோ, தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றத் தெரியும். சிவப்பு மையில் ஏற்றியிருந்தார்.

"ஒயரைப் புடுங்கியாச்சு. கப்பல் நிலாவுல இறங்கிடுச்சு. கதவுக்கு முன்னாடி நிக்கறீங்க மாமா. உள்ள காற்று இன்னும் பத்து நிமிஷத்துக்குத்தான். ரெண்டு பகடை. ஒன்பதுக்குக் குறைஞ்சா நெம்புகோல் உடைஞ்சிடும்."

மற்ற மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். மெக்கானிக் இடது கையில் பகடைகளை எடுத்தார். எந்தக் கை என்று மைத்துனன் கேட்கவில்லை. உருட்டினார். ஒன்று ஐந்தில் நின்றது. இன்னொன்று மேசை ஓரம் வரைக்கும் போய் நாலில் நின்றது.

"கதவு திறந்துடுச்சு" என்றான் மைத்துனன்.

நூற்றுப்பத்து பேரும் வெளியே வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, கப்பலில் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்கே இருபது நிமிஷம் ஆனது. மெக்கானிக் எல்லாப் பெயரையும் கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மண்டபத்துக் கடிகாரம் ஐந்து அடித்தது. செயலாளர் அம்மாள் பதிவேட்டை மூடிப் பூட்டினார். நீக்க உத்தரவு கையெழுத்தில்லாமல் வெளியே கிடந்தது.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு மெக்கானிக் லிஃப்ட் வாசலுக்கு வந்தார். தலைவர் ஒரு நாற்காலியில், மடியில் அந்தக் கையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளக் பாயிண்ட் நோட்டில் 'உபயோகிப்பாளர்: தலைவர்' என்று தலைப்பிட்டு, எட்டு மணி நேரக் கணக்கை ஆரம்பித்திருந்தார். ஸ்டாப் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் குனிந்து நெம்பைக் கட்டைவிரலால் தள்ளினார். விரல்கள் விரிந்தன.

"இவ்வளவுதானா?" என்றார் தலைவர், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே.

"இவ்வளவுதாங்க."

"விதி பதினேழு" என்று எழுந்தார் பிளக் பாயிண்ட். "உபயோகிப்பாளர் தன்னோட பொறியை..."

"பொறி கொக்கியோடது. அவன் நிலாவுல இருக்கான்" என்றார் மெக்கானிக், பட்டையைத் தோளில் மாட்டியபடி. "இது என் கை. சார்ஜரை எடுத்துட்டு வாங்க."